எண்டோஸ்கோபிக் அல்ட்ராசவுண்டுக்கு அப்பச்சியை அழைத்துப் போகும் முன்

தம்பி, சென்னையிலிருந்து நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்கும் புரியும்.

பள்ளத்தூரில் இருக்கும் உங்கள் அப்பச்சிக்கு, அதாவது அப்பாவுக்கு, 67 வயது. இரண்டு மாதமாக மேல்வயிற்றில் வலி, அது முதுகுக்கும் போகிறது, எடையும் குறைந்திருக்கிறது. காரைக்குடியில் எடுத்த ஸ்கேனில் தெளிவாக எதுவும் தெரியவில்லை. மதுரையில் சி.டி. ஸ்கேன் எடுத்ததில் கணையத்தின் தலைப்பகுதியில் 2 சென்டிமீட்டர் அளவில் ஏதோ தெரிகிறது, பித்தக்குழாயும் லேசாக வீங்கியிருக்கிறது என்று எழுதியிருக்கிறார்கள். எண்டோஸ்கோபிக் அல்ட்ராசவுண்ட் (வாய் வழியாகக் குழாய் விட்டு உள்ளிருந்தே பார்க்கும் ஸ்கேன்) செய்து, ஊசி மூலம் கொஞ்சம் சதை எடுத்துப் பார்க்க வேண்டும், அடுத்த வாரம் வியாழக்கிழமை வாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அப்பச்சிக்குச் சர்க்கரை உண்டு. மூன்று வருடத்துக்கு முன் இதய ரத்தக் குழாயில் ஸ்டென்ட் (அடைப்பைத் திறந்து வைக்கும் சின்ன வலைக்குழாய்) வைத்திருக்கிறார்கள். மயக்கம் கொடுப்பது ஆபத்தா, ஊசி பட்டால் பரவுமா, அவரிடம் விவரம் சொல்லாமலே செய்துவிடலாமா என்பவை உங்கள் கேள்விகள்.

நான் மதுரையில் எண்டோஸ்கோபி பிரிவில் நர்ஸாகப் பல வருடம் வேலை பார்த்தவள். இது என்ன நோய் என்று சொல்வது டாக்டரின் வேலை, அதில் நான் தலையிடவில்லை. ஆனால் அந்தப் பிரிவின் வாசல் வரை வந்தவர்களை எதனால் திருப்பி அனுப்புகிறார்கள் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். பெரும்பாலும் அது வீட்டில் யாரும் கவனிக்காமல் விட்ட ஒரு மாத்திரையோ, வழியில் குடித்த ஒரு டீயோ, எடுத்து வராத ஒரு படமோதான். அறைக்குள் நடப்பதை டாக்டர்கள் பார்த்துக்கொள்வார்கள். அதற்கு முந்தைய வாரம் முழுக்க உங்கள் வீட்டார் கையில் இருக்கிறது.

நாள் போய்க்கொண்டே இருப்பதால் ஸ்டென்ட் மாத்திரையை முதலில் சொல்கிறேன்.

ஸ்டென்ட் வைத்தவர்கள் ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரினும் க்ளோபிடோக்ரெலும் சாப்பிடுவது வழக்கம். வெறுமனே குழாயை விட்டுப் பார்ப்பதானால் இவற்றை நிறுத்த வேண்டிய தேவை பொதுவாக வராது. ஊசி போட்டுச் சதை எடுப்பதென்றால் விஷயம் வேறு. ஆஸ்பிரினைத் தொடரச் சொல்வார்கள், க்ளோபிடோக்ரெலை மட்டும் 5 முதல் 7 நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். ஆனால் நிறுத்தலாமா என்று சொல்ல வேண்டியது ஸ்டென்ட் வைத்த இதய டாக்டர். ஸ்டென்ட் வைத்து சில மாதமே ஆனவர்களுக்கு இந்த மாத்திரையை நிறுத்தினால் அது அடைத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. மூன்று வருடம் ஆகிவிட்டதால் உங்கள் அப்பச்சிக்கு அனுமதி கிடைக்க வாய்ப்பு அதிகம். அப்படியிருந்தும் அதை இதய டாக்டர் வாயால் கேட்டு, சீட்டில் எழுதி வாங்குங்கள். வியாழனுக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் இன்றைக்கோ நாளைக்கோ கேட்டாக வேண்டும்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. இந்த இரண்டு மருந்தும் ஒரே மாத்திரையாகவும் வருகிறது. கொழுப்பு மருந்தான ரோசுவாஸ்டாடினையும் சேர்த்து மூன்றும் ஒரே கேப்சூலாகவும் விற்கிறார்கள். வீட்டில் அதை ‘ஹார்ட் மாத்திரை’ என்றுதான் சொல்வார்கள். க்ளோபிடோக்ரெலை நிறுத்துங்கள் என்று போனில் கேட்டுவிட்டு அந்த ஒரே கேப்சூலை நிறுத்தினால், ஆஸ்பிரினும் சேர்ந்து நின்றுவிடும். ஸ்டென்ட் உள்ளவருக்கு அது நல்லதல்ல. அதனால் ஆத்தாவை மாத்திரை அட்டையின் பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் என்னென்ன மருந்து எத்தனை மில்லிகிராம் என்று இருக்கும். கூட்டு மாத்திரைதான் என்றால், இடைப்பட்ட நாட்களுக்கு ஆஸ்பிரினைத் தனியாக எழுதித் தரும்படி கேளுங்கள். வார்ஃபரின், ரிவராக்சபான், அபிக்சபான், டாபிகட்ரான் போன்ற, ரத்தம் உறைவதைத் தடுக்கும் வேறு மாத்திரைகளைச் சாப்பிடுபவர்களுக்கு நிறுத்தும் நாள் கணக்கு வேறு. வார்ஃபரினுக்கு ஏறக்குறைய 5 நாள், மற்றவற்றுக்கு இரண்டு மூன்று நாள், சிறுநீரகம் சரியில்லை என்றால் இன்னும் கூடும்.

அடுத்தது சுகர் மாத்திரை. மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு போன்றவற்றை அன்று காலை தவிர்க்கச் சொல்வார்கள். வெறும் வயிற்றில் கிளிமிபிரைடு போட்டால் சர்க்கரை இறங்கி ஆளே சரிந்துவிடுவார். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகளை மூன்று நாள் முன்பே நிறுத்த வேண்டும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. பட்டினி கிடக்கும்போது இவை ரத்தத்தில் கீட்டோன் அமிலத்தைக் கூட்டிவிடும், அந்த நேரம் சர்க்கரை அளவு பார்க்க நன்றாகவே இருக்கும் என்பதால் கண்டுபிடிப்பதும் கஷ்டம். இவையும் மெட்ஃபார்மினோடு சேர்ந்த கூட்டு மாத்திரையாக வருவதால் இங்கேயும் அட்டையின் பின்பக்கத்தைத்தான் பார்க்க வேண்டும். இன்சுலின் போடுபவர்கள் தாங்களாகவே அளவைப் பாதியாக்கக் கூடாது, கேட்டுத்தான் குறைக்க வேண்டும். எடை குறைக்கவும் சர்க்கரைக்கும் வாரம் ஒரு முறை போடும் செமாகுளூட்டைடு போன்ற ஊசிகள் வயிறு காலியாவதைத் தாமதப்படுத்தும். அதைப் போட்டுக்கொள்பவர்கள் மயக்க டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பிரஷர் மாத்திரையை அன்று காலை ஒரு மடக்குத் தண்ணீரோடு போடச் சொல்வதுதான் வழக்கம், ஆனால் சில வகைகளை மயக்க டாக்டர் வேண்டாம் என்பார், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். சர்க்கரைக்காரர் என்று சொல்லிக் காலையில் முதல் ஆளாக நேரம் கேளுங்கள், பெரும்பாலும் தருவார்கள்.

நம் பக்கத்தில் மஞ்சள் காமாலை என்றாலே கீழாநெல்லி அரைத்துக் கொடுப்பார்கள், அப்புறம் யாராவது சொன்ன கஷாயம், லேகியம். அப்பச்சி அப்படி ஏதாவது சாப்பிட்டுக்கொண்டிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். டாக்டர் கோபித்துக்கொள்வார் என்ற தயக்கம் வேண்டாம். கல்லீரல் பரிசோதனை முடிவுகளைப் படிக்க அவருக்கு அது தேவை.

இனி இந்தப் பரிசோதனை என்னவென்று பார்ப்போம். சீட்டில் இ.யு.எஸ். என்று எழுதியிருப்பார்கள். சாதாரண எண்டோஸ்கோபி குழாயின் முனையில் கேமரா இருக்கும், இதில் அதோடு ஒரு சின்ன அல்ட்ராசவுண்ட் கருவியும் இருக்கும். 1980ஆம் ஆண்டு வாக்கில் வந்த முறை இது. கணையத்தில் ஊசி செலுத்தி மாதிரி எடுப்பது 1990களின் தொடக்கத்தில் வந்தது. எனவே அப்பச்சியின் மேல் யாரும் புதிதாக எதையும் சோதித்துப் பார்க்கவில்லை.

வயிற்றின் மேல் ஜெல் தடவிப் பார்க்கும் ஸ்கேனில் ஏன் தெரியவில்லை என்று கேட்டிருந்தீர்கள். கணையம் இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டி இருக்கிறது. நம் ஊர்ப் பெரிய வீட்டில் வீதியில் நின்றுகொண்டு முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு எல்லாவற்றையும் தாண்டி அடுப்படியில் என்ன நடக்கிறது என்று பார்ப்பதற்கும், இரண்டாம் கட்டில் போய் நின்று எட்டிப் பார்ப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான் இது. வெளியிலிருந்து போகும் ஒலி அலை தோல், கொழுப்பு, இரைப்பையிலும் குடலிலும் இருக்கும் காற்று எல்லாவற்றையும் கடக்க வேண்டும். காற்று குறுக்கே வந்தால் அதற்குப் பின்னால் எதுவும் தெரியாது. இ.யு.எஸ். குழாய் இரைப்பைக்குள்ளும் முன்சிறுகுடலுக்குள்ளும் போய் நிற்பதால், கணையம் அங்கிருந்து சில மில்லிமீட்டர் தூரத்தில்தான் இருக்கும். கிட்டத்தில் இருப்பதால் நுண்ணிய படம் தரும் உயர் அதிர்வெண் ஒலியைப் பயன்படுத்த முடிகிறது. சி.டி.யில் பிடிபடாத சிறிய கட்டியும், பித்தக்குழாயின் அடிப்பகுதியில் ஒளிந்திருக்கும் சின்னக் கல்லும் இதில் தெரிவது அதனால்தான்.

ஈ.ஆர்.சி.பி. என்று இன்னொன்று காதில் விழும், இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது பித்தக்குழாய்க்குள் போய்க் கல் எடுக்கவும், அடைப்புக்கு ஸ்டென்ட் வைக்கவும் செய்வது. அதில் கணைய அழற்சி வரும் வாய்ப்பு கூடுதல். அதனால் முதலில் இ.யு.எஸ். பார்த்து, தேவைப்படுபவர்களுக்கு மட்டும் அதைச் செய்வது நல்ல வழக்கம். அப்பச்சிக்குப் பித்தக்குழாய் வீங்கியிருப்பதால், காமாலை கூடியிருந்தால் அதே மயக்கத்தில் ஈ.ஆர்.சி.பி.யும் செய்யலாமா என்று டாக்டர்கள் யோசிக்கக்கூடும். அப்படி ஒரு எண்ணம் இருக்கிறதா என்று முன்பே கேட்டுவிடுங்கள். இருந்தால் ஒரு நாள் தங்க வேண்டும், செலவும் மாறும், கையெழுத்து வாங்கும் படிவமும் வேறு.

செலவைப் பற்றியும் கொஞ்சம் சொல்கிறேன். மதிப்பீட்டை எழுத்தில் கேளுங்கள். அதில் ஊசிக்குத் தனித்தொகை சேர்ந்திருக்கிறதா, மயக்க டாக்டர் கட்டணம், பயாப்ஸி (சதைப் பரிசோதனை) லேப் கட்டணம் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அந்த ஊசி ஒரு முறை பயன்படுத்தித் தூக்கிப் போடுவது, விலையும் அதிகம். கடைசி நேரத்தில் குடும்பங்கள் திகைத்து நிற்பது பெரும்பாலும் அந்த ஒரு வரியில்தான். இன்ஷூரன்ஸ் இருந்தால் முன் அனுமதி வாங்க இரண்டு மூன்று நாள் ஆகலாம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால் அதையும் எடுத்துப் போய்க் காப்பீட்டுப் பிரிவில் கேளுங்கள்.

பட்டினிக்கு வருவோம். திட உணவு குறைந்தது 6 மணி நேரம் கூடாது, எண்ணெய், கறி என்று கனமாகச் சாப்பிட்டிருந்தால் 8 மணி நேரம். வெறும் தண்ணீர் 2 மணி நேரம் முன்பு வரை குடிக்கலாம் என்பது பொதுவான விதி, அதற்கும் மேல் அந்த மருத்துவமனை சொல்லும் நேரமே கணக்கு. பால் சேர்த்த எதுவும் உணவுதான். பால் டீ, காபி, ஹார்லிக்ஸ், மோர், கஞ்சி, நீராகாரம் எல்லாமே அதில் அடங்கும். மயக்கத்தில் இருக்கும்போது வயிற்றில் இருப்பது மேலே வந்து நுரையீரலுக்குள் போய்விட்டால் உயிருக்கே ஆபத்து. அதனால்தான் ‘கொஞ்சம்தானே குடித்தார்’ என்று கெஞ்சினாலும் எந்த மயக்க டாக்டரும் ஒத்துக்கொள்ள மாட்டார். அப்பச்சிக்குச் சாப்பிட்டது பல மணி நேரம் கழித்து வாந்தியாக வருகிறது என்றால் அதையும் சொல்லுங்கள். கணையத் தலைப்பகுதிக் கட்டி சில சமயம் குடல் பாதையையும் நெருக்கும், அப்போது 8 மணி நேரம் கழித்தும் வயிறு காலியாக இருக்காது.

முந்தின இரவு இட்லியோ இடியாப்பமோ சாப்பிட்டுச் சீக்கிரம் படுக்கட்டும். பள்ளத்தூரிலிருந்து விடிவதற்குள் கிளம்பினால்தான் திருப்பத்தூர், மேலூர் வழியாக நேரத்துக்கு மதுரை போய்ச் சேர முடியும். காரைக்குடியிலிருந்தே ஏறக்குறைய 85 கிலோமீட்டர். இங்கேதான் கவனம் வேண்டும். பெரியவர்களை வெறும் வயிற்றோடு அனுப்ப ஆத்தாமார்களுக்கு மனசு வராது, ‘ஒரு வாய் காபி’ என்று டம்ளரை நீட்டிவிடுவார்கள். வழியில் டிரைவர் டீக்கு நிறுத்துவார், கூட வந்தவர் அப்பச்சிக்கும் ஒன்று வாங்கிவிடுவார். இரண்டு பேரிடமும் முதல் நாளே சொல்லி வையுங்கள். வெற்றிலை பாக்கு போடும் பழக்கம் இருந்தால் அன்று காலை வேண்டாம், புகையிலை கண்டிப்பாக வேண்டாம்.

எடுத்துப் போக வேண்டியவற்றில் நான் மிக முக்கியமாக நினைப்பது பழைய சி.டி. படங்கள். ரிப்போர்ட் தாளை மட்டும் கொண்டுவந்து நிற்பவர்கள் நிறையப் பேர். ஊசி போடும் டாக்டர் படத்தைத் தன் கண்ணால் பார்த்து, கட்டி எந்தப் பக்கம், ரத்தக் குழாய் எவ்வளவு பக்கத்தில் என்று முடிவு செய்ய வேண்டும். ஃபிலிம் அல்லது படங்கள் பதிந்த சிடி வட்டு, இரண்டில் ஒன்று அவசியம். அதோடு ஸ்டென்ட் வைத்தபோது தந்த டிஸ்சார்ஜ் சம்மரி, அண்மைய ஈ.சி.ஜி., எக்கோ, ரத்தப் பரிசோதனைகள். ரத்தப் பரிசோதனையில் பி.டி.-ஐ.என்.ஆர். என்று ஒன்று இருக்கும். பித்தக்குழாய் அடைபட்டவர்களுக்கு வைட்டமின் கே உடம்பில் சேராமல் ரத்தம் உறைவது தாமதமாகும், அதனால் அதை அண்மையில் எடுத்திருக்க வேண்டும். இரைப்பையிலோ குடலிலோ முன்பு ஆபரேஷன் நடந்திருந்தால், அது எத்தனை வருடப் பழசானாலும் சொல்லுங்கள். குழாய் போகும் வழியே மாறியிருக்கும்.

பல் செட் இருந்தால் கழற்றி வைக்க ஒரு டப்பா கொண்டு போங்கள். ஆடுகிற பல் இருந்தால் நர்ஸிடம் சொல்லுங்கள். மோதிரம், சங்கிலி எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும்.

மயக்கம் பற்றி. பெரும்பாலான இடங்களில் மயக்க டாக்டர் கூடவே நின்று ப்ரோபோஃபால் என்ற மருந்தைக் கையில் போட்ட வென்ஃப்ளான் (நரம்பில் செருகி வைக்கும் சின்னக் குழாய்) வழியாகச் செலுத்துவார். பால் மாதிரி வெள்ளையாக இருக்கும், ஏறும்போது நரம்பில் கொஞ்சம் எரியும், ஒரு நிமிஷத்துக்குள் தூங்கிவிடுவார்கள். பெரும்பாலும் மூச்சு அவர்களாகவே விடுவார்கள், மூக்கில் ஆக்சிஜன், விரலில் கிளிப், கையில் பிரஷர் பட்டை என்று எல்லாம் ஓடிக்கொண்டே இருக்கும். அதற்கு முன் தொண்டையில் மரத்துப்போகும் ஸ்பிரே அடிப்பார்கள். கசக்கும், எச்சில் விழுங்கவே முடியாத மாதிரி ஒரு உணர்வு வரும். சிலர் மூச்சு அடைக்கிறது என்று பயந்து எழுந்துவிடுவார்கள். அது மரத்துப்போன உணர்வுதான், மூச்சு ஓடிக்கொண்டுதான் இருக்கிறது என்று அப்பச்சியிடம் முன்பே சொல்லி வைத்தால் பதற மாட்டார். இடது பக்கமாகச் சாய்ந்து படுக்க வைத்து, பற்களுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் வளையத்தை வைப்பார்கள். அதற்கப்புறம் அவருக்கு எதுவும் தெரியாது. இதயம், சர்க்கரை உள்ளவர் என்பதால் மயக்கத்தில் ஆபத்தே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் இது பெரிய ஆபரேஷனுக்குக் கொடுக்கும் மயக்கம் போன்றதல்ல. முந்தைய நாளோ அன்று காலையோ மயக்க டாக்டர் பார்க்கும்போது, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா, இரவில் குறட்டை பலமாக வருகிறதா, முன்பு மயக்கத்தில் ஏதாவது பிரச்சினை வந்ததா என்று கேட்பார். கூட இருப்பவர்கள் அவருக்குப் பதிலாகப் பேசிவிடாமல், அவரையே சொல்ல விடுங்கள்.

வெறுமனே பார்ப்பதற்கு 20, 30 நிமிஷம் ஆகும். ஊசியும் போட்டால் 45 நிமிஷத்திலிருந்து ஒரு மணி நேரம். வெளியே உட்கார்ந்திருக்கும் குடும்பத்துக்கு நேரம் நகராது, தாமதம் என்றாலே ஏதோ கெட்ட செய்தி என்று முடிவு கட்டிவிடுவார்கள். பெரும்பாலும் முந்தைய நோயாளிக்கு நேரம் கூடியிருக்கும், அவ்வளவுதான்.

ஊசி எப்படிப் போகிறது? வெளியே தோலில் எங்கும் துளை விழாது. குழாயின் உள்ளிருந்தே மெல்லிய ஊசி, இரைப்பை அல்லது முன்சிறுகுடலின் சுவரைத் தாண்டிக் கட்டிக்குள் போகும். ஊசி முனையை டாக்டர் திரையில் பார்த்துக்கொண்டேதான் செலுத்துவார். ரத்தக் குழாய் குறுக்கே இருக்கிறதா என்று, ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளரில் பார்த்து வழி தேர்ந்தெடுப்பார். கட்டிக்குள் ஊசியைப் பல முறை முன்னும் பின்னும் அசைத்து எடுத்தால், நூல் துண்டு மாதிரி, சில சமயம் சேமியாத் துணுக்கு நீளத்துக்குச் சதை வரும். அது ஸ்லைடிலும் ஃபார்மலின் பாட்டிலிலும் போகும். சில இடங்களில் அந்தப் பாட்டிலை உறவினர் கையில் கொடுத்து லேபுக்கு அனுப்புவார்கள். அப்படிக் கொடுத்தால், அதன் மேல் அப்பச்சியின் பெயர், வயது, எண் மூன்றும் சரியாக இருக்கிறதா என்று நின்று படித்துவிட்டு நகருங்கள்.

‘கத்தி பட்டால் பரவிவிடும், ஊசி பட்டால் பரவிவிடும்’ என்பதை நம் ஊரில் எல்லா வீட்டிலும் கேட்கலாம். ஊசி போன பாதையில் நோய் செல்கள் விழுந்து வளர்வது மருத்துவத்தில் பதிவான விஷயம்தான், ஆனால் மிக மிக அரிது. கணையத் தலைப்பகுதிக்கு ஊசி முன்சிறுகுடல் வழியாகத்தான் போகும், பின்னால் ஆபரேஷன் செய்தால் அந்தப் பகுதியையும் சேர்த்தே எடுத்துவிடுவார்கள். இந்தப் பயத்தால் பரிசோதனையைத் தள்ளிப் போட்டு, ஆபரேஷன் செய்யக்கூடிய காலத்தைத் தவறவிட்ட குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். மனசுக்கு ரொம்பக் கஷ்டமாக இருக்கும். உண்மையான ஆபத்துகள் வேறு. கணையத்தில் ஊசி போட்டவர்களில் நூற்றுக்கு ஒருவர் இருவருக்குப் பிரச்சினை வரலாம், அதில் பெரும்பகுதி லேசான கணைய அழற்சி. ரத்தக் கசிவு, தொற்று அதைவிடக் குறைவு. குடலில் துளை விழுவது ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவு.

டாக்டரிடம் நீங்கள் கேட்க வேண்டிய ஒரு கேள்வி உண்டு: ‘இந்த ஊசியின் முடிவு எப்படி வந்தாலும் அடுத்த திட்டம் மாறுமா?’ கட்டியை ஆபரேஷனில் எடுக்க முடியும், படமும் சந்தேகமில்லாமல் இருக்கிறது என்றால் ஊசி இல்லாமலே நேரே ஆபரேஷனுக்குப் போவதும் உண்டு. முதலில் கீமோ கொடுக்க வேண்டும் என்றாலோ, இது புற்றுநோய்தானா என்று சந்தேகம் இருந்தாலோ சதை முடிவு கட்டாயம் வேண்டும். கணையத்தில் கட்டியாகத் தெரிவதெல்லாம் புற்றுநோய் அல்ல. நாள்பட்ட கணைய அழற்சி கட்டி மாதிரித் தெரியும். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கணையத்தைத் தாக்கும் ஒரு வகை வீக்கம் ஸ்டீராய்டில் கரையும். நம் நாட்டில் கணையத்தில் காசநோய்கூடக் கட்டியாக வந்து ஏமாற்றும், அது மருந்தில் குணமாகிவிடும். அப்பச்சிக்கு இவற்றில் ஒன்றுதான் என்று நான் சொல்லவில்லை. வலியும் எடைக் குறைவும் சேர்ந்திருப்பதைச் சாதாரணமாக எடுக்க முடியாது. ஆனால் படத்தை மட்டும் பார்த்து வீட்டில் எல்லோரும் மனசுக்குள் தீர்ப்பு எழுதிவிட வேண்டாம்.

இனி அவரிடம் சொல்வதா வேண்டாமா என்பது. இதில் என் கருத்து உறுதியானது: சொல்லுங்கள். சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டியவர் அவர். சுயநினைவோடு இருக்கும் பெரியவருக்குப் பதிலாகப் பிள்ளைகள் சம்மதம் கொடுப்பது சரியான முறையே அல்ல. ஒரு பெரியவர் நினைவுக்கு வருகிறார். படிவத்தை நீட்டும்போது பின்னால் நின்ற மகன் எனக்குக் கண்ணைக் காட்டினார். நான் பெரியவரிடம் ‘என்ன பண்ணப் போறாங்கன்னு சொன்னாங்களா ஐயா?’ என்றேன். மகன் பில் கட்டப் போகும்வரை பேசாமல் இருந்துவிட்டு, ‘அல்சர் பாக்கப் போறாங்கன்னு சொல்லியிருக்குதுங்க. நானும் நம்புற மாதிரியே இருக்கேன்’ என்றார். எல்லாம் தெரிந்துகொண்டு தனியாகச் சுமந்துகொண்டிருந்தார். பொய் சொல்லி அழைத்து வந்தால், அறைக்குள் அவருக்குத் தோன்றும் சந்தேகத்தை யாரிடமும் கேட்க முடியாது. முடிவு தெரிவதற்கு முன்பே பெரிய பெரிய வார்த்தைகளைச் சொல்ல வேண்டியதில்லை. ‘கணையத்தில் ஒரு கட்டி மாதிரித் தெரியுது அப்பச்சி, அது என்னன்னு பார்க்கத்தான் இந்த டெஸ்ட், முடிவு வந்ததும் உங்ககிட்டச் சொல்லித்தான் அடுத்தது’ என்றால் போதும். அந்தக் கடைசி வாக்கைக் காப்பாற்றவும் செய்யுங்கள்.

முடிந்த பிறகு ஒரு மணி நேரமாவது படுக்க வைத்திருப்பார்கள், ஊசி போட்டிருந்தால் கூடுதலாக. தொண்டை மரத்துப்போனது தெளிந்து, தண்ணீரை ஒரு மடக்கு சிரமமில்லாமல் விழுங்கினால்தான் சாப்பிடத் தருவார்கள். தொண்டைக் கரகரப்பும் வயிறு உப்பலும் ஓரிரு நாள் இருக்கலாம். டாக்டர் வந்து விளக்கும்போது மயக்கத்தின் மிச்சத்தில் அப்பச்சி தலையாட்டுவார், பிறகு ஒன்றும் நினைவிருக்காது. அதனால் கூட இருப்பவர் எழுதிக்கொள்ள வேண்டும். 24 மணி நேரத்துக்கு வண்டி ஓட்டக் கூடாது, பத்திரத்திலோ செக்கிலோ கையெழுத்துப் போடக் கூடாது. வீட்டுப் பாகம், பதிவு என்று எதையாவது அந்த வாரத்தில் வைத்திருந்தால் தள்ளி வையுங்கள்.

பிற்பகலில் ஊசி போட்டார்கள் என்றால் அன்றிரவு மதுரையிலேயே உறவினர் வீட்டிலோ லாட்ஜிலோ தங்கிவிடுங்கள் என்பேன். கணைய அழற்சி வருவதானால் பெரும்பாலும் முதல் நாளுக்குள் தெரிந்துவிடும். பஸ்ஸில் திரும்ப வேண்டாம், காரில் பின் இருக்கையில் சாய்ந்து வரட்டும். தாங்க முடியாத வயிற்று வலி, குளிரோடு காய்ச்சல், ரத்த வாந்தி, தார் மாதிரிக் கறுப்பு மலம், மூச்சுத் திணறல், நெஞ்சிலோ கழுத்திலோ வலியும் வீக்கமும் என்று எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. ஊருக்கு வந்த பிறகு இப்படி ஆனால் மதுரைக்கு ஓட வேண்டும் என்பதில்லை. காரைக்குடியிலேயே அவசரப் பிரிவு உள்ள மருத்துவமனைக்குப் போய் டிஸ்சார்ஜ் சீட்டைக் காட்டி, மதுரை டாக்டருக்கு அங்கிருந்தே போன் போடச் சொல்லுங்கள்.

நிறுத்திய க்ளோபிடோக்ரெலை என்றைக்குத் திரும்பத் தொடங்க வேண்டும் என்பதைத் தேதியோடு எழுதி வாங்குங்கள். நிறுத்தும்போது இருக்கும் கவனம் தொடங்கும்போது இருப்பதில்லை, மாதக் கணக்கில் மறந்துபோனவர்கள் உண்டு. சர்க்கரை மாத்திரைகளையும் அவர் சரியாகச் சாப்பிடத் தொடங்கியதும் எப்போது சேர்ப்பது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சதை முடிவு வர பெரும்பாலும் மூன்று நாளிலிருந்து ஒரு வாரம் ஆகும், கூடுதல் சாயப் பரிசோதனை தேவைப்பட்டால் இன்னும் கூடும். அதில் ‘புற்றுநோய் செல்கள் இல்லை’ என்று வந்தால் உடனே சாமிக்கு நேர்ந்துகொண்டதைச் செலுத்திவிட்டு விஷயத்தை முடித்துவிடாதீர்கள். ஊசி கட்டியின் ஒரு மூலையைத்தான் தொட்டிருக்கும். உண்மையில் நோய் இருந்தும் பத்தில் ஒருவருக்கு இதில் பிடிபடாமல் போகலாம். படமும் உடல்நிலையும் சந்தேகத்தைக் காட்டினால் மறுபடி எடுக்கச் சொல்வார்கள், அதை மருத்துவமனையின் பணத்தாசை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கணையப் புற்றுநோய்ச் சந்தேகத்தில் பார்க்கும் சி.ஏ. 19-9 என்ற ரத்தப் பரிசோதனையின் அளவும் காமாலை இருக்கும்போது தானாகவே கூடும், அந்த எண்ணை மட்டும் வைத்துப் பயப்படவும் வேண்டாம். சென்னையில் உங்கள் பக்கத்தில் இன்னொரு டாக்டரிடம் கருத்துக் கேட்கும் எண்ணம் இருந்தால், ரிப்போர்ட்டோடு ஸ்லைடையும், சதையைப் பதித்து வைத்திருக்கும் மெழுகு பிளாக்கையும் லேபில் கேட்டு வாங்குங்கள். எழுதிக் கொடுத்துக் கேட்டால் தருவார்கள், அதை வைத்து அங்கே மறுபடி பார்க்க முடியும், அப்பச்சிக்கு இன்னொரு முறை ஊசி போட வேண்டியிருக்காது.